முழங்கால் வலியுள்ள அப்பாவோடு கப்பல் சுற்றுலா: எந்தத் தீவுத் துறைமுகம் சரிவரும்?

தண்டையார்பேட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்கு 68 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அம்மாவுக்குச் சர்க்கரை. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். போக முடிவது டிசம்பர் கடைசியில், இல்லையென்றால் மே மாதத்தில். ஏஜென்ட் மூன்று வழிகளைக் காட்டியிருக்கிறார்: சென்னையில் ஏறி இலங்கைத் துறைமுகங்கள், சிங்கப்பூரில் ஏறி பினாங்கும் புக்கெட்டும், கொச்சியில் ஏறி லட்சத்தீவு. இதில் எந்தத் தீவு நன்றாக இருக்கும் என்பது நீங்கள் எழுதிய கேள்வி. ஆனால் கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள்: அப்பா காலமெல்லாம் ஹார்பருக்குள் வேலை பார்த்தவர், ஒருமுறைகூடக் கப்பலில் பயணியாக ஏறியதில்லை. அதைப் படித்த பிறகு உங்கள் கேள்வியை நான் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்: எந்தத் துறைமுகத்தில் அவர் தன் காலால் இறங்கி, ஊரைப் பார்த்து, வலியில்லாமல் திரும்பி ஏற முடியும்?

நான் ராயபுரத்துக்காரன். பயணிகள் கப்பல்களில் டெக் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன். கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆட்களைக் கொண்டுபோய் விடும் டெண்டர் படகுகளையும் ஓட்டியிருக்கிறேன். அதனால் தீவுகளைப் படத்தில் பார்ப்பவர்களைவிட, இறங்குகிற இடத்திலிருந்து பார்த்துப் பழகியவன். கப்பல் தீவுக்கு எதிரே நின்றுகொண்டிருக்க, இறங்க முடியாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து கரையையே பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்கள் எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன். காசு கட்டி, ஆசைப்பட்டு வந்தவர்கள். உங்கள் அப்பாவுக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது, கப்பல் அந்தத் துறைமுகத்தில் பெர்த்தில், அதாவது கரையோர மேடையை ஒட்டிக் கட்டுகிறதா, வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறதா என்பது. பெர்த்தில் கட்டினால் கேங்வே என்ற ஏறுபாலம் வழியாக நேராக நடந்து இறங்கலாம், சக்கர நாற்காலியையும் தள்ளிக்கொண்டு போகலாம். நங்கூரம் போட்டால் கப்பலின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, ஒரு சிறு மேடையிலிருந்து டெண்டர் படகுக்குள் கால் வைக்க வேண்டும். படகு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் ஆட்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள், படகு மேடைக்குச் சமமாக வரும் அந்த நொடியில் "இப்போது வைங்க" என்பார்கள். முழங்கால் மடங்காதவருக்கு அந்த ஒரு எட்டு பெரிய விஷயம். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே டெண்டரில் ஏற்றப் பெரும்பாலான கப்பல்களில் அனுமதிக்க மாட்டார்கள். காற்று கூடினால் கேப்டன் டெண்டரையே நிறுத்திவிடுவார், அன்றைய தீவு அவ்வளவுதான். வானம் தெளிவாக இருந்தாலே கடலும் நன்றாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். தெற்கே வெகு தொலைவில் எழுந்த நெடிய அலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் வந்து மோதும். சில வருடங்களாகச் செய்திகளில் கள்ளக்கடல் என்று எச்சரிக்கிறார்களே, அதுதான். காசிமேட்டில் அலைத்தடுப்புக்கு உள்ளே கட்டிய போட்டையும் வெளியே நிற்கும் போட்டையும் அப்பாவிடம் நினைவூட்டுங்கள், நான் சொல்வது அவருக்கு உடனே புரியும்.

அடுத்தது நேரம். பயணத் திட்டத்தில் காலை 8 முதல் மாலை 5 வரை என்று போட்டிருப்பார்கள். ஒன்பது மணி நேரம் கிடைக்கும் என்று நாம் கணக்குப் போடுவோம். நங்கூரமிட்டு, குடியேற்றச் சோதனை முடிந்து, டெண்டருக்கு வரிசையில் நின்று கரையில் கால் வைக்கும்போது பத்து மணியை ஒட்டியிருக்கும். கப்பல் ஏற்பாடு செய்த டூரில் போகிறவர்களைத்தான் முதலில் இறக்குவார்கள். கடைசி டெண்டர் கரையிலிருந்து 4 மணிக்கு. அந்த வரிசையில் வயதானவர்களோடு 3.30க்காவது போய் நிற்க வேண்டும். மிச்சம் ஐந்தரை மணி நேரம்தான், அதிலும் சாப்பாடு, கழிவறை, வெயிலில் ஓய்வு எல்லாம் உண்டு. பெர்த்தில் கட்டும் துறைமுகத்தில் இதே அட்டவணையில் ஏழு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். இன்னொன்று, களைத்துப்போனால் பாதியில் கப்பலுக்கு வந்து படுத்துவிட்டு மறுபடியும் இறங்கலாம். சர்க்கரை உள்ள அம்மாவுக்கு அந்த வசதி மிகவும் பெரியது.

மூன்றாவது, மாதம். இதில் ஏஜென்டுகள் பொதுவாக ஒன்றும் சொல்வதில்லை. ஒரே தாய்லாந்தில்கூட மேற்குக் கரையும் கிழக்குக் கரையும் நேரெதிர். புக்கெட் பக்கம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம், மே தொடங்கித் தென்மேற்குப் பருவக்காற்றில் அலை எழும்பிவிடும். 2018 ஜூலையில் புக்கெட்டுக்கு வெளியே ஒரு சுற்றுலாப் படகு புயற்காற்றில் கவிழ்ந்து 47 பேர் இறந்தார்கள். அது அந்தப் பருவம். அதே நாட்டின் வளைகுடாப் பக்கத்தில் இருக்கும் கோ சாமுய் தீவுக்கு மழையே அக்டோபர், நவம்பர், டிசம்பரில்தான் கொட்டும், அங்கே டெண்டரில்தான் இறங்கவும் வேண்டும். டிசம்பர் பயணத்தில் சாமுய் பெயர் இருந்தால் தள்ளிவிடுங்கள். இலங்கையிலும் இப்படித்தான்: திருகோணமலைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை நல்ல பருவம், வருடக் கடைசியில் வாடைக் காற்றும் மழையும். தெற்குக் கரைக்கு இது தலைகீழ். லட்சத்தீவுக்கு மே நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை கடல் கொந்தளிப்பு.

இனி உங்கள் மூன்று வழிகளுக்கு வருகிறேன். சென்னை–இலங்கை வழியில் மனம் ஒட்டுவது இயல்பு. வீட்டிலிருந்து ஆட்டோவில் போய்க் கப்பல் ஏறலாம், விமானம் வேண்டாம். அதைவிடப் பெரியது, அப்பா வேலை பார்த்த அதே துறைமுகத்திலிருந்து அவர் பயணியாகப் புறப்படுவது. அதன் மதிப்பு எனக்குத் தெரியும். 2023 ஜூனில் சென்னையிலிருந்து எம்பிரஸ் என்ற சுற்றுலாக் கப்பல் இலங்கைக்குப் போகத் தொடங்கியபோது அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகங்களை வைத்தார்கள். இவற்றை ஒரே எடை போடக்கூடாது. அம்பாந்தோட்டை சரக்குக்காகக் கட்டிய பெரிய துறைமுகம், நடந்து போய்ப் பார்க்க அங்கே ஒன்றுமில்லை. ஆனால் அங்கிருந்து கதிர்காமத்துக்குச் சாலை வழியாக ஒரு மணி நேரம் போல. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம், முருக பக்தர்கள் என்றால் அதற்காகவே இறங்கலாம். திருகோணமலை எனக்கு மிகவும் பிடித்த துறைமுகம். இயற்கையே மூன்று பக்கமும் நிலத்தால் அணைத்துக் காத்த இடம் அது. அதனால் கப்பல் நங்கூரத்தில் நின்றால்கூட உள்ளே தண்ணீர் அமைதியாக இருக்கும். ஊரும் பக்கத்திலேயே. பிரெட்ரிக் கோட்டை வழியாகக் கோணேசர் மலைக்கு வண்டியிலேயே மேலே போய்விடலாம், கடைசியில் கொஞ்சம்தான் நடை. சம்பந்தர் பாடிய கோயில், கீழே செங்குத்தான பாறை, அதற்கும் கீழே கடல். காங்கேசன்துறை சின்னத் துறைமுகம். கீரிமலைக் கேணியும் நகுலேஸ்வரமும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. நல்லூர்க் கந்தசாமி கோயிலுக்கும் யாழ்ப்பாண நூலகத்துக்கும் இருபது கிலோமீட்டருக்குள்தான். நல்லூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அப்பாவிடம் முன்பே சொல்லிவையுங்கள். திருகோணமலையிலும் காங்கேசன்துறையிலும் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம், வயதானவர்களுக்கு அது தரும் தெம்பே தனி.

ஆனால் இந்த வழியை டிசம்பரில் நான் சொல்ல மாட்டேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் கரையைப் புயல் தேடி வரும் காலம். 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம். வடசென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துறைமுகத்தில் புயல் கூண்டின் எண் ஏறினால் கப்பல் புறப்படுவதே தள்ளிப்போகும், இல்லையென்றால் துறைமுகம் மாறும். திருகோணமலைக்கும் அது மழைக்காலம். மே மாதக் கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ என்றால் திருகோணமலையும் காங்கேசன்துறையும் நன்றாக இருக்கும், வெயிலைத்தான் சமாளிக்க வேண்டும். அம்பாந்தோட்டைக்குத் தெற்கிலிருந்து அலை வரும், வழியில் கப்பல் ஆடும். மே மாதத்திலும் வங்கக் கடலில் புயல் உருவாவது உண்டு, ஆனாலும் பெரும்பாலும் நம் கரையைத் தொடாமல் வடக்கே போய்விடும்.

சிங்கப்பூர் வழியில் கடல்தான் பெரிய சாதகம். நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து பாகைக்குள் புயல் உருவாவது மிக அபூர்வம். 2001 டிசம்பரில் வாமெய் என்ற புயல் சிங்கப்பூருக்குப் பக்கத்தில் கரை ஏறியது, அதை இன்றும் விதிவிலக்காகத்தான் சொல்கிறார்கள். மலாக்கா நீரிணைக்கு மேற்கே சுமத்ரா தீவு நீளமாகப் படுத்து அலையைத் தடுக்கிறது. முதல் முறை கப்பல் ஏறுபவர்களுக்கும் வாந்தி வரும் என்று பயப்படுகிறவர்களுக்கும் இதைவிடச் சாதுவான கடல் கிடைப்பது அரிது.

பினாங்கைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் குடும்பத்துக்கு இதுதான் சரியான துறைமுகம் என்பது என் முடிவு. கப்பல் சுவெட்டன்ஹாம் துறையில் நேராகக் கட்டும். வாசலைத் தாண்டினால் ஜார்ஜ் டவுன். 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த ஊர். ஊருக்கு வண்டி பிடிக்க வேண்டாம், இறங்கினாலே ஊருக்குள்தான். பத்துப் பதினைந்து நிமிட நடையில் லிட்டில் இந்தியா. குயின் தெருவில் 1833இல் கட்டிய மகாமாரியம்மன் கோயில். கொஞ்சம் தள்ளி, தமிழ் முஸ்லிம் வணிகர்களால் உருவான கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். சூலியா தெருவில் நாகூர் தர்கா. நடக்க முடியவில்லை என்றால் ட்ரைஷா என்ற மிதிவண்டி ரிக்சா இருக்கிறது, அப்பாவையும் அம்மாவையும் அதில் உட்கார வைத்து ஊரைச் சுற்றிக் காட்டலாம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு மட்டும் அப்பாவைக் கூட்டிப்போகாதீர்கள். 513 படிகள், அந்த முழங்காலுக்கு ஆகாது. அடிவாரத்தில் கும்பிட்டுவிட்டு வரலாம். பினாங்கு மலைக்கு ரயில் உண்டு, படி ஏற வேண்டாம், ஆனால் விடுமுறை நாளில் வரிசை நீளம். நாசி கண்டார் என்ற சோறும் குழம்பும் விற்கும் கடைகளில் பிள்ளைகள் சாப்பிடுவார்கள். சைவம் மட்டும் என்றால் லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சாப்பாடே கிடைக்கும். ராயபுரம், மண்ணடிப் பக்கத்துப் பெரியவர்களுக்கு பினாங்கு புது ஊரும் அல்ல. 1926 முதல் 1973 வரை ரஜுலா என்ற கப்பல் நம் துறைமுகத்துக்கும் மலேயாவுக்கும் இடையே ஓடியது. அப்பாவின் மூத்தவர்கள் அந்தக் கப்பலில் மூட்டை ஏற்றியவர்களாகவே இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

கேங்வே பற்றி ஒரு நுணுக்கம். பினாங்கில் கடல் நீர் ஏறி இறங்குவது நம் சென்னையைவிட அதிகம். நீர் ஏறும்போது கப்பலும் உயர்ந்து கேங்வேயின் சரிவு கூடும். காலையில் எளிதாக இறங்கியவர் மாலையில் ஏறத் திணறுவது இதனால்தான். தயங்காமல் அங்கே நிற்கும் பணியாளரிடம் சொல்லுங்கள். நாற்காலியில் வைத்து ஏற்றிவிடுவார்கள், அது அவர்கள் வேலை.

புக்கெட்டுக்கு இதே உறுதியை என்னால் கொடுக்க முடியாது. சில கப்பல்கள் தென்கிழக்கே மக்காம் வளைகுடாவில் இருக்கும் ஆழ்கடல் துறைமுகத்தில் கட்டும், சில பத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு டெண்டரில் இறக்கும். உங்கள் கப்பல் எது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டிசம்பரில் பத்தோங் பக்கம் காலையில் அமைதியாகத்தான் இருக்கும். மதியத்துக்கு மேல் காற்று எழும்பினால் போனபோது இருந்த சுகம் திரும்பும்போது இருக்காது. பீ பீ தீவு, பாங் நா வளைகுடா என்று விரைவுப் படகு டூர் விற்பார்கள். அந்தப் படகு அலையில் குதித்துக் குதித்துப் போகும், முதுகும் முழங்காலும் தாங்காது. நீங்களும் பிள்ளைகளும் போவதானால் போங்கள், அப்பா அம்மாவுக்கு வேண்டாம். அவர்களுக்கு நாக்கெர்ட் மலை மேல் இருக்கும் பெரிய புத்தர் சிலைப் பக்கம் ஒரு வண்டி போதும், அதுவும் அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு. சில கப்பல்கள் புக்கெட்டுக்குப் பதில் லங்காவியைத் தொடும். அங்கே கப்பல் துறையில் கட்டும், இறங்குவது சுலபம், ஆனால் ஊரும் கேபிள் காரும் வண்டி பிடித்துப் போகும் தூரம்.

லட்சத்தீவு. மூன்றிலும் அழகு அதுதான், அதில் எனக்கு ஐயமே இல்லை. பவளப்பாறை வளையத்துக்குள் இருக்கும் அந்தப் பச்சைத் தண்ணீரை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ஆனால் அந்தப் பவளப்பாறைதான் பெரிய கப்பலை உள்ளே விடாமலும் வைக்கிறது. கப்பல் வெளியே ஆழத்தில் நிற்கும், படகு மாறித்தான் தீவுக்குப் போக வேண்டும். அங்கே பொழுதே தண்ணீருக்குள்தான்: நீந்துவது, பவளம் பார்ப்பது, கயாக் ஓட்டுவது. இறங்கிக் குளிக்காதவர்களுக்கு நிழலில் உட்காருவதைத் தவிர வேலையில்லை. சர்க்கரைக்காரர் பவளத் துண்டுகள் கிடக்கும் மணலில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. வெளியாட்கள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும், அதை யார் எடுத்துத் தருவார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு நீச்சல் வந்த பிறகு, ஒரு பிப்ரவரியிலோ மார்ச்சிலோ நீங்கள் நாலு பேரும் போய்வாருங்கள்.

அந்தமான் ஏன் பட்டியலில் இல்லை என்று யாராவது கேட்கக்கூடும். சென்னையிலிருந்து அங்கே போவது அரசின் பயணிகள் கப்பல், ஏறக்குறைய மூன்று நாள் ஓடும். அது தீவு மக்களின் போக்குவரத்துக்கானது. சுற்றுலாக் கப்பல் வசதியை அதில் எதிர்பார்க்கக்கூடாது. இணையத்தில் தீவு என்று தேடினால் கரீபியன் படங்கள்தான் கொட்டும். நமக்கு அது தூரம், அமெரிக்காவில் ஏறினால் பலமுறை நுழைய உதவும் அமெரிக்க விசா வேண்டும், ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே புயல் பருவம். இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

சிங்கப்பூர் வழியை எடுத்தால் விசாவில் கவனம். சிங்கப்பூரில் நுழைந்து, கப்பலில் வெளியேறி, மறுபடி அங்கேயே வந்து இறங்குகிறீர்கள். ஆகவே பலமுறை நுழையும் விசாதான் வேண்டும். இந்தியர்களுக்கு மலேசியாவும் தாய்லாந்தும் 2023 கடைசியில் விசா விதியைத் தளர்த்தின. இந்த விதிகள் மாறக்கூடியவை, அதனால் புறப்படும் மாதத்தில் மறுபடி பாருங்கள். பாஸ்போர்ட் பயணத்துக்குப் பின் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். எந்தத் துறைமுகத்தையும் கடைசி நேரத்தில் விடும் உரிமை கப்பல் நிறுவனத்துக்கு உண்டு, சீட்டின் பின்னால் அச்சிட்டிருப்பார்கள். அப்படி விட்டால் பெரும்பாலும் துறைமுகக் கட்டணம் மட்டுமே திரும்பக் கிடைக்கும். எந்தத் துறைமுகம் நல்லது என்று நான் சொல்லலாம், அன்றைய கடல் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. முழங்காலுக்கும் சர்க்கரைக்கும் என் பேச்சு போதாது, அப்பாவையும் அம்மாவையும் பார்க்கும் டாக்டரிடம் கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள். மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே வையுங்கள், பெட்டி அறைக்கு வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். கேபின் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில், லிஃப்டுக்கு அருகில் கேளுங்கள். ஆட்டமும் குறைவு, நடையும் குறைவு.

புக்கெட்டில் ஒரு விஷயம் தவறாமல் கவனியுங்கள். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்னால். கப்பல் பல சமயம் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடும், உங்கள் போன் மட்டும் தானாக மாறிவிடும். போனில் 3 மணி என்றால் கப்பலில் 4. இதனால் ஓடிவந்து துறையில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். இறங்கும்போது கப்பலின் கடிகாரத்தைப் பார்த்து அப்பாவின் கைக்கடிகாரத்தை வைத்துக்கொடுங்கள், அதைப் பார்த்து எல்லோரும் நடங்கள். கப்பலே நடத்தும் டூர் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நீங்களாகப் பிடித்த வண்டி தாமதமானால் காத்திருக்காது.

டிசம்பர் என்றால் சிங்கப்பூர் வழி, அதில் பினாங்கு பகலில் நிற்கும் கப்பலாகப் பார்த்து எடுங்கள். சில கப்பல்கள் மாலையில் வந்து இரவே கிளம்பிவிடும், அது வேண்டாம். மே கடைசி என்றால் சென்னையிலிருந்தே இலங்கை, திருகோணமலை இருக்கும் பயணமாக. ஏஜென்டிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள், தம்பி: ஒவ்வொரு துறைமுகத்திலும் பெர்த்தா டெண்டரா, வரும் நேரமும் கடைசியாக ஏற வேண்டிய நேரமும் என்ன, நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு என்ன ஏற்பாடு. பதில் வந்ததும் கப்பலின் பெயரோடு இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.